வீரம் சான்றாகுமா? பிரசியப் பிரபு மார்விற்ஸ் பற்றிய ஒரு மறுநோக்கு

ஒருவனது அஞ்சாமை அவனது கொள்கைக்குச் சான்றாகுமா? நெப்போலியன் காலத்துப் பிரசியப் பிரபுவான லூட்விக் ஃபொன் டெர் மார்விற்ஸைப் போற்றி எழுதுவோர் பலரும் ஆகும் என்றே கொள்கின்றனர். ஆகாது என்பதே எமது வாதம்.

1777 இற் பிறந்த மார்விற்ஸ் சிறுபராயத்திலேயே குதிரைப்படையிற் சேர்ந்தவர். 1802 இற் படையை நீங்கிப் பிரண்டன்பேர்க்கிலுள்ள பிரீடர்ஸ்டோர்ப் என்னும் குடும்பப் பண்ணையைப் பொறுப்பேற்றார். 1806 இல் யேனாப் போரிற் பிரசியா சிதைந்தபோது அவர் மீண்டும் களத்தில் நின்றார். அடுத்த ஆண்டு தாமே ஒரு தொண்டர்படை திரட்டினார். 1813 இல் மக்கட் படையணியொன்றுக்குத் தலைமை தாங்கினார். இவ்வீரத்தை எவரும் மறுக்க வேண்டியதில்லை.

ஆயின், புகழுரையாளர் இத்துடன் அமைவதில்லை. 1811 இல் மாவட்டப் பிரபுக்கள் சார்பில் மன்னருக்கு அவர் விடுத்த விண்ணப்பத்தையும், அதன் பொருட்டு முதன்மை அமைச்சர் ஹார்டன்பேர்க் அவரை ஸ்பண்டௌக் கோட்டையிற் சிறையிட்டதையும் எடுத்துக்காட்டி, 'எதேச்சாதிகாரத்தை எதிர்த்த சுதந்திர புருடர்' என்கின்றனர். எவருடைய சுதந்திரம்? 1807 ஆம் ஆண்டுக் கட்டளை பண்ணையடிமை முறையை ஒழிக்க முற்பட்டது. பிரபுக்களின் நிலத்தை நகரத்தாரும் வாங்க வழிசெய்தது. அதன்பின் வந்த நிதிச் சட்டங்கள் பிரபுக்களின் வரிவிலக்கிற் கைவைத்தன. மார்விற்ஸ் காக்க முனைந்தது இப்பழைய சலுகைகளையே. சலுகைக்குச் சுதந்திரம் எனப் பெயரிட்டு அதற்காகச் சிறை செல்வதால், சலுகை உரிமையாகிவிடுமா?

அவ்வாறெனின் ஹார்டன்பேர்க்கே குடியானவரின் காவலர் என முற்போக்குப் பேசும் நண்பர் சிலர் கூறக்கூடும். அதுவும் பொருந்தாது. அவரது 1811 ஆம் ஆண்டுச் சட்டப்படி, பரம்பரை உரிமையுடன் நிலத்தை அனுபவித்த குடியானவன் மூன்றிலொரு பங்கையும், அவ்வுரிமையற்றவன் அரைப்பங்கையும் பிரபுவுக்கு விட்டுக்கொடுத்தே எஞ்சியதைத் தனதாக்கலாம். விடுதலைக்கு விலை நிலம்! ஆகவே, தம் வர்க்கத்தின் நிலத்தைப் பெருக்கிய சீர்திருத்தத்தையே மார்விற்ஸ் எதிர்த்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது. நிலம் சந்தைப் பண்டமாகக் கூடாது என அவர் மெய்யாகவே நம்பினார். வெறும் பேராசைக்காரர் என அவரை ஒதுக்குவது நேர்மையன்று. ஆனால் அவர் கண்ட பழைய ஒழுங்கிற் பிரபு தந்தையாகவும், குடியானவன் என்றும் வளராத பிள்ளையாகவுமே இருந்தனர்.

1813 ஆகஸ்ட் 27 ஆந் திகதி ஹாகெல்பேர்க்கில் நிகழ்ந்ததை ஈண்டு நினைவுகூர்வோம். மழையில் வெடிமருந்து நனைந்து துப்பாக்கிகள் பயனற்றுப்போக, மார்விற்ஸும் பங்குகொண்ட அப்போரில் மக்கட் படையினர் துப்பாக்கிப் பிடிகளாலேயே அடித்துப் போரிட்டனர். அவர்களுட் குடியானவரும் கூலியாட்களும் இருந்தனர். மூன்றாண்டு கழிய, 1816 இல் வந்த பிரகடனம், உழவு விலங்குகளை வைத்திருக்கப் போதிய நிலமற்ற சிறு குடியானவரை நிலவுரிமைச் சட்டத்திலிருந்தே விலக்கியது. நாட்டை மீட்கத் தகுதி பெற்ற கைகள் வரப்புக்குள் நிற்கத் தகுதியற்றனவாயின!

தளபதியோ 1827 இல் உயர்பதவியுடன் ஓய்வு பெற்றார். பின்னர் தியோடோர் பொன்டானே தம் நாவலில் அவரை மாதிரியாகக் கொண்டு ஒரு பாத்திரத்தையும் படைத்தார். பிரபுவும் அமைச்சரும் மோதிய கதையை வரலாறு விரிவாகவே பேசுகின்றது. நிலத்தை இழந்தோர் அவ்விருவருள் எவருமல்லர் என்பதை அது மெதுவாகவே சொல்கின்றது. இனியேனும் மார்விற்ஸின் வீரத்தைப் பாடமாகப் படிக்கும் மாணவன், அவருக்குப் பின்னால் நின்றவன் போர் முடிந்தபின் எந்நிலத்துக்குத் திரும்பினான் எனவும் கேட்பானாக.