எளிய சிறாரும் ஓவியமும்

அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் 1872-ஆம் ஆண்டில், செந்நிறப் பள்ளிக்கூடத்தின் முன் வெறுங்காலோடு கைகோத்தோடும் நாட்டுப்புறச் சிறுவரைத் தீட்டினார். நம் புலவரும் பிள்ளைத்தமிழிற் குழந்தைப் பருவத்தைப் பத்தாக வகுத்துப் பாடினர். எனினும் அவற்றின் பாட்டுடைத் தலைவர் பெரும்பாலும் தெய்வமும் அரசரும் அருளாளருமே. இரவிவர்மா 1893-இல் தீட்டிய 'அதோ அப்பா வருகிறார்' என்னும் படத்திற் காண்பதும் செல்வ மனைக் குழந்தையையே.

நிற்க. கிளுவை வேலிக்குள் ஆடு மேய்த்தவாறே பம்பரம் விடும் கொங்குச் சிறுவன் ஓவியத்திற்குத் தகாத பொருளல்லன். நம் கோவையைச் சூழ்ந்த மேய்ச்சற் காடுகள் வீட்டுமனைகளாகி வருகின்றன. அவற்றோடு ஆட்டங்களும் மறைகின்றன. தூரிகை பிடிக்கவல்ல மாணவர், வறுமையை அழகாக்கிக் காட்டாமலும் மகிழ்ச்சியை மறையாமலும், அச்சிறாரை உள்ளவாறே இன்று தீட்டிவைத்தல் வேண்டும். காலந் தாழ்த்தின், பார்த்து வரைதற்கு யாதும் எஞ்சாது என்பது எமது துணிபு.