சாய்தளம் சலுகையல்ல

2001 ஜனவரியில் விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் தில்லி வந்தபோது, அவரது சக்கர நாற்காலி செல்வதற்காகக் குதுப் மினார், ஜந்தர் மந்தர் ஆகிய இடங்களில் தற்காலிக மரச் சாய்தளங்கள் அமைக்கப்பட்டன. மனமிருந்தால் மார்க்கமுண்டு என்பது அன்றே மெய்ப்பிக்கப்பட்டது. விருந்தினருக்குக் கிடைத்த வழி குடிமக்களுக்கு மட்டும் கிடைக்காதது ஏன்?

பழைய பொதுக் கட்டடங்களைச் சீரமைக்க 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அளித்த ஐந்தாண்டுக் கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. வெறும் வழிகாட்டுதல் போதாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது.

மாற்றுத்திறனாளிகள் கேட்பது இரக்கமல்ல, உரிமை. அரசாங்கம் செய்யட்டும் என்றிராமல், தில்லித் தமிழர்களின் சங்கங்களும் கோயில்களும் பள்ளிகளும் தத்தம் வாசற்படியருகே ஒரு சாய்தளம் அமைக்க முன்வர வேண்டும். பிறர் தூக்கிச் செல்லாமல், தாமாகவே அரங்கிற்கும் சந்நிதிக்கும் வருவதில்தான் அவர்களது பெருமிதம் இருக்கிறது.