காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவன்

சென்ற மாதம் நாலைந்து நண்பர்கள் கூடியிருந்த இடத்தில் பேச்சு மதத்தின் பக்கம் திரும்பியது. ஒருவர் பக்திமான், கவிதை எழுதுகிறவர். "மதத்துக்கு ஒரே ஒரு காரியம்தான். லௌகீக ஆசைகளிலிருந்து மனுஷனைப் பிரித்தெடுத்து, பாவத்தைக் கழுவி, அக்கரையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. மற்றதெல்லாம் மேளமும் பிரசாதமும்" என்றார். இன்னொருவர் பகுத்தறிவு இயக்கத்தில் வளர்ந்தவர். அவர் பாய்ந்து வருவார் என்று காத்திருந்தேன். "நாங்களும் அதைத்தானே சொல்கிறோம்? இல்லாத ஊருக்கு டிக்கெட் விற்கிற கம்பெனிதான் மதம்" என்றார் அவர். இருவரும் சிரித்துக்கொண்டார்கள். பேச்சு வேறு விஷயத்துக்குப் போய்விட்டது.

அன்று எனக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை. இப்போது சொல்கிறேன். அந்த ஊர் இருக்கிறதா இல்லையா என்பதில் மட்டும்தான் இவர்களுக்குள் வழக்கு. மதம் என்பது டிக்கெட் என்பதில் இருவருக்கும் பூரண சம்மதம். நம் இலக்கிய வட்டாரத்தில் மதம் பற்றி நடக்கிற விவாதங்களில் பெரும்பாலானவை இந்தச் சம்மதத்தின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் நடக்கின்றன. உலகம் தூண்டில் புழு. அதைக் கடிப்பது பாவம். கடிக்காமல் தப்புவது மோட்சம். ஆஸ்திகர் எழுதினாலும் நாஸ்திகர் எழுதினாலும் இந்தக் கணக்கை யாரும் திருப்பிப் போட்டுப் பார்ப்பதில்லை.

கணக்கை மிகச் சுத்தமாகப் போட்டுக் காட்டியவர் ஜான் பனியன். இங்கிலாந்தின் பெட்ஃபோர்டில் ஓட்டைப் பாத்திரம் அடைக்கிற தொழில் செய்தவர். 1678-ல் அவர் வெளியிட்ட கதை தமிழில் 'மோட்சப் பிரயாணம்' என்ற பெயரில் உரைநடையாக வந்தது. திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான எச். ஏ. கிருஷ்ண பிள்ளை அதைத் தழுவி 1894-ல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்று காவியமே செய்தார். கம்பனில் ஊறிய கை. ஆகவே இதை வெளியூர்ச் சரக்கு என்று ஒதுக்க முடியாது.

பனியனின் கதாநாயகன் முதுகில் பாவ மூட்டையோடு நாச நகரத்தில் நிற்கிறான். நகரம் எரியப்போகிறது. அவன் ஓடத் தொடங்குகிறான். மனைவியும் குழந்தைகளும் திரும்பி வரச்சொல்லிக் கதறுகிறார்கள். அவன் காதில் விரலைச் செருகிக்கொண்டு, நித்திய ஜீவனைக் கூவியபடி, திரும்பிப் பாராமல் ஓடுகிறான். பிறகு வழியில் மாயச் சந்தை வருகிறது. அங்கே என்னென்ன விற்கிறார்கள் என்று பனியன் ஒரு ஜாபிதா தருகிறார். வீடு, நிலம், பட்டம், பதவி, பொன், முத்து, வேசைகள். அதே ஜாபிதாவில் மனைவி, கணவன், குழந்தைகள். அதாவது முதல் பக்கங்களில் கேட்ட கதறலும் சந்தைச் சரக்குதான்.

அவன் அவர்களைக் கூப்பிட்டுப் பார்த்தான், அவர்கள் வரவில்லை என்று கதைக்குள்ளேயே சமாதானம் இருக்கிறது. 1684-ல் இரண்டாம் பாகம் எழுதி, மனைவி மக்களையும் அதே பாதையில் நடத்திக் கூட்டிப் போனார் பனியன். இருக்கட்டும். காதில் செருகிய அந்த விரல்களை எந்த இரண்டாம் பாகமும் வெளியே எடுக்கவில்லை.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பனியனின் சொந்த வாழ்க்கை. அனுமதி இல்லாமல் பிரசங்கம் செய்ததற்காக 1660-ல் சிறையில் போட்டார்கள். இனிப் பிரசங்கம் செய்யமாட்டேன் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள். சொல்லவில்லை, பன்னிரண்டு வருஷம் உள்ளே இருந்தார். நாடாக்களுக்கு முனை கட்டிக் கொடுத்து, வந்த காசில் குடும்பத்துக்கு உதவினார். மூத்த மகள் மேரிக்குக் கண் தெரியாது. 1666-ல் எழுதிய சுயசரிதையில், அந்தக் குழந்தை பசியிலும் குளிரிலும் அலையுமே, அடி வாங்குமே என்று சிறைக்குள் தான் உடைந்துபோனதை எழுதியிருக்கிறார். இந்தப் பக்கங்களில் அவர் காதில் விரல் இல்லை. எல்லாம் கேட்கிறது, கேட்டுக்கொண்டேதான் தன் முடிவில் நிற்கிறார். பனியன் என்ற மனுஷர் தன் சித்தாந்தத்தைவிடப் பெரியவர். துரதிருஷ்டம், உலகம் முழுக்கப் பரவியது சித்தாந்தம்.

அந்தச் சித்தாந்தம் எழுத்தாளர்களான நம்மை எங்கே வைக்கிறது என்று தெரிய இன்னும் பின்னால் போகவேண்டும். கி.பி. 400-ஐ ஒட்டி அகஸ்டின் தன் வாக்குமூலங்களை எழுதினார். பள்ளிப் பருவத்தில் வெர்ஜில் காவியம் படித்து, ஏனியாஸ் கைவிட்டுப் போனதால் உயிரை விட்ட டைடோவுக்காக அழுதவர். பின்னாளில் அந்தக் கண்ணீரைத் தன் குற்றப் பட்டியலில் சேர்க்கிறார்: சொந்த ஆத்மா செத்துக்கொண்டிருந்தபோது அதற்கு அழாமல் எவளோ ஒருத்திக்கு அழுதது பாவம். கோவிலில் பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தன்னை அசைத்துவிட்டால் அதுவும் பாவம் என்று கவலைப்படுகிறார். அவரோடு பல வருஷம் வாழ்ந்து பிள்ளையும் பெற்ற பெண், அவருக்குத் தகுந்த இடத்தில் சம்பந்தம் நிச்சயமானதும் ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள். நெஞ்சு கிழிந்தது என்று எழுதுகிறார். பொய் சொல்கிறவர் இல்லை. ஆனால் தன் காமத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர் அந்தப் பெண்ணின் பெயரை எழுதவில்லை. மகன் பெயர் இருக்கிறது. அவள் பெயர் இல்லை.

என் புகாரின் மையம் இதுதான். மோட்சம் குறிக்கோளாகிவிட்டால் பாவம் என்பது என் மேல் ஒட்டிய அழுக்காகிவிடுகிறது. யாருக்கு என்ன செய்தேன் என்ற கேள்வி போய், எனக்கு என்ன ஆகும் என்ற கேள்வி வருகிறது. பாதிக்கப்பட்டவள் கதையிலிருந்து நழுவிவிடுகிறாள். கோவில் வாசலில் தட்டேந்தி நிற்கிறவன் என் புண்ணியக் கணக்கில் ஒரு வரவு. சேரியிலிருந்து வருகிறவன் என் ஆசாரத்தில் ஒரு தீட்டு. இரண்டிலும் அவன் இல்லை, நான்தான் இருக்கிறேன்.

இது நம் மண்ணின் வியாதி இல்லை என்று பக்திமான் நண்பர் சொல்லக்கூடும். பட்டினத்தார் பெயரில் வழங்கும் பாடல்களில் பெண்ணுடல் படுகிற பாட்டை அவருக்கு நினைவூட்டுகிறேன். ஆனால் அதே பட்டினத்தார் கதையில் இன்னொன்றும் உண்டு. சகலத்தையும் துறந்தவர் தாய் செத்ததும் வந்து நிற்கிறார். பச்சை வாழைமட்டையை அடுக்கிச் சிதை மூட்டி, அழுது பாடுகிறார். துறவி காதிலிருந்து விரலை எடுத்துவிட்ட இடம் அது. நம் புதுக்கவிஞர்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது அருவருப்பை மட்டும். முதல் தேதி சம்பளம் வாங்கி, கூட்டுறவுச் சங்கக் கடன் தவணையைக் கட்டிவிட்டு, சாயங்காலம் உலகம் சூன்யம் என்று எட்டு வரி எழுதுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். அந்த எட்டு வரியில் பக்கத்து வீட்டுக்காரன் இல்லை, ரேஷன் கடை வரிசை இல்லை, வீட்டில் தண்ணீர் சுமக்கிறவள் இல்லை. எல்லோரையும் மாயை என்று ஒரே வார்த்தையில் வெளியேற்றியாகிவிட்டது. இதைத் தத்துவ தளம் என்று விமர்சகர்கள் சொல்கிறார்கள். காது கேளாமை என்று நான் சொல்கிறேன்.

மோட்சத்தைக் கழித்துவிட்டால் மதத்தில் என்ன மிஞ்சும் என்று பகுத்தறிவு நண்பர் கேட்பார். நம் மரபே பலமுறை கழித்துப் பார்த்திருக்கிறது. வள்ளுவர் அறம், பொருள், இன்பத்தோடு நிறுத்திக்கொண்டார். வீடு மனசுக்கும் வாக்குக்கும் எட்டாதது, துறவின் வழியாகச் சுட்டத்தான் முடியும் என்று பரிமேலழகர் சமாதானம் சொல்லவேண்டி வந்தது. பிறவியை நோய் என்று பாடும் மரபிலேயே நின்றுகொண்டு, தில்லையில் கூத்தனைப் பார்த்த கணத்தில் மனிதப் பிறவியை விரும்பத்தக்கது ஆக்கிவிடுகிறார் அப்பர். கண்ணுக்கு முன்னால் இருப்பதன் மேல் வந்த காதலில், தப்பித்துப்போகும் அவசரம் கரைந்துவிடுகிறது.

ராமாநுஜரின் திருக்கோட்டியூர்க் கதை எல்லோருக்கும் தெரியும். மந்திர ரகசியத்தை வெளியிட்டால் நரகம் என்று குரு எச்சரிக்கிறார். சீடர் போய் ஊர் கேட்கச் சொல்லிவிடுகிறார். குருபரம்பரைக் கதை, அப்படியே நடந்ததா என்பது என் விஷயம் இல்லை. பலர் கடைத்தேற நான் ஒருவன் நரகம் போனால் என்ன என்று கேட்கிறவனைத் தன் ஆசாரியனாக ஒரு மதம் கொண்டாடுகிறது என்பதுதான் விஷயம். மோட்சம் அங்கேயும் உண்டு. ஆனால் அதைத் தன் மடியில் கட்டிக்கொண்டு ஓடுகிறவனுக்கு அந்தக் கதையில் மரியாதை இல்லை.

எதிர்த் திசையிலிருந்து ஒரு உதாரணம். 1934 ஜனவரி 15-ல் பீகாரில் பூகம்பம். பத்தாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். அப்போது தீண்டாமை ஒழிப்புக்காகத் தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த காந்தி, அந்த மாதக் கடைசியில் திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை அது என்றார். தாகூர் பகிரங்கமாக மறுத்தார். இப்படி வாதித்தால், உங்கள் இயக்கத்துக்குத்தான் இந்தத் தண்டனை என்று வைதீகர்களும் சொல்லலாமே என்று அவர் கேட்டது நியாயம். எனக்கு வேறொரு சங்கடம் இருக்கிறது. தீண்டாமையைப் பாவம் என்று காந்தி சொன்னது மிகச் சரி. அது ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனுக்குச் செய்வது. அதைத் தண்டனைக் கணக்கோடு முடிச்சுப் போட்டதும் என்ன ஆயிற்று? தீண்டப்படாதவர்பட்ட அவமானம் போதாது, அதைப் பாவம் என்று நிரூபிக்கப் பூமி பிளக்கவேண்டும் என்றாயிற்று. பீகாரில் செத்தவர்கள் யார் பாவத்துக்குச் செத்தார்கள் என்ற கேள்விக்கு இடமில்லாமல் போயிற்று. காந்தி போன்ற ஒருவரையே இந்தக் கணக்கு இப்படிச் சறுக்கவைக்கிறது.

நான் இதில் இவ்வளவு கோபப்படுவதற்குக் காரணம் புத்தகங்கள் இல்லை. என் அத்தை பத்தொன்பது வயசில் தாலி இழந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஐம்பது வருஷம் இருந்தாள். கேட்டால் போன ஜென்மத்துப் பாவம் என்பாள். வீட்டில் எல்லோரும் அதையே சொன்னோம். அது எங்களுக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்று அவள் போன பிறகுதான் புரிந்தது. ஏன் படிக்கவைக்கவில்லை, ஏன் இன்னொரு கல்யாணம் செய்துவைக்கவில்லை, ஐம்பது வருஷம் அடுக்களையில் உழைத்தவளுக்கு வீட்டில் என்ன பங்கு என்று யாரும் கேட்கத் தேவை இல்லாமல் போயிற்று. குற்றவாளி அவள்தான் என்று தீர்ப்பாகிவிட்டதே. நாங்கள் பிரதோஷம் தவறாமல் கோவிலுக்குப் போய், எங்கள் பாவங்களைக் கழுவிக்கொண்டு வந்தோம்.

அவள் வாயில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் இருந்தது. வெயிலில் பழைய பேப்பர் கேட்டு வருகிற பையனைப் பார்த்தால் "பாவம், குழந்தை" என்பாள். உள்ளே போய் மோர் கொண்டுவருவாள். அவன் பூர்வ ஜென்மக் கணக்கை அவள் பார்க்கவில்லை. தனக்குப் புண்ணியம் சேரும் என்றும் நினைக்கவில்லை. தன் கணக்கு என்றைக்கோ தீர்ந்துபோனது என்றுதான் நம்பியிருந்தாள். அவளுக்கு அவன் நா வறண்டிருப்பது தெரிந்தது. அவ்வளவுதான்.

தமிழ் பேசுகிற யாரும் ஒரு நாளைக்கு நாலு தடவை இந்தச் சொல்லை இந்த அர்த்தத்தில் சொல்கிறோம். கஷ்டப்படுகிறவன் பாவம் செய்தவன் என்ற சித்தாந்தத்திலிருந்து இந்த வழக்கு கிளம்பியிருக்கலாம். ஆனால் சொல்கிறபோது அந்தச் சித்தாந்தம் நம் மனசில் இல்லை. மடங்கள் அழுக்கு என்று அர்த்தம் சொன்ன வார்த்தையைத் தெரு எடுத்து, இன்னொருவன் வலி எனக்குத் தெரிகிறது என்று அர்த்தம் மாற்றிவைத்திருக்கிறது. இதைச் செய்தது எந்தச் சீர்திருத்தவாதியும் இல்லை, எந்தக் கவிஞனும் இல்லை.

இதனால் மதத்தைச் சமூக சேவையாகக் குறுக்குகிறேன் என்று சொல்லவேண்டாம். சாவு பயம் எனக்கும் உண்டு. ராத்திரி விழித்துக்கொண்டு இருட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறவன்தான் நானும். என்னைவிடப் பெரிய ஒன்றின் முன்னால் கைகூப்பத் தோன்றுகிற நேரங்களை நான் மறுக்கவில்லை. ஆனால் கூப்பின கை காதைப் பொத்தக் கூடாது. கோவில் மணிச் சத்தத்துக்கு நடுவில் வாசலில் பேப்பர் பையனின் குரல் கேட்கவேண்டும். கேட்கவைக்கிற மதத்தோடு எனக்குச் சண்டை இல்லை. கேட்காமல் ஓடுகிறவன் சேருகிற ஊர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? என் அத்தை அங்கே இருக்கமாட்டாள்.