ரசம் பூசிய கரங்கள்

முகம் பார்க்கும் கண்ணாடி இல்லாத வீடு இன்று அரிது. குடிசையின் மண்சுவரில் ஆணியில் தொங்கும் கையகலக் கண்ணாடியும் சரி, மாடிவீட்டுப் பீரோவின் கதவில் ஆளுயரத்துக்குப் பதித்திருக்கும் நிலைக்கண்ணாடியும் சரி, விலையை எண்ணி எவரும் மலைக்காத சாமானியப் பொருள்களாகிவிட்டன. காலையில் அதன்முன் நின்று தலைவாரிக்கொள்ளும் கோடிக்கணக்கான ஜனங்களுள், இந்தப் பொருள் ஒரு காலத்தில் ஒரு ராஜ்யம் கண்ணும் கருத்துமாய்க் காத்த ரகசியமாகவும், மற்றொரு ராஜ்யத்தின் செல்வத்தை உறிஞ்சிய ஆடம்பரமாகவும், முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அதைச் செய்தவர்களின் தேகத்தைச் சிறுகச் சிறுக அரித்த விஷமாகவும் இருந்தது என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. அந்தச் சரித்திரத்தில் நமக்கும் நம்மை ஆளுவோருக்கும் ஒரு பாடம் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புவதால், அதைச் சற்று விரிவாகவே இங்கு சொல்ல விரும்புகிறேன்.

பண்டைக்காலத்தில் கண்ணாடி என்பது பெரும்பாலும் தேய்த்து மெருகேற்றிய உலோகமாகவே இருந்தது. செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்க்கும் அந்த மரபு கேரளத்து ஆறன்முளையில் இன்றும் அழியாமல் வாழ்கிறது. நாம் அறிந்த பளிங்குக் கண்ணாடியைப் பெரிய அளவில் தொழிலாக வளர்த்தவர்கள் வெனிஸ் நகரத்தார். தீ விபத்துக்கு அஞ்சி, நகரத்துக்குள் இருந்த கண்ணாடி உலைகளையெல்லாம் முரானோ என்னும் தீவுக்கு அகற்றும்படி 1291 ஆம் ஆண்டில் அந்நகரக் குடியரசு கட்டளையிட்டது. அங்கே 15 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆஞ்சலோ பரோவியர் என்ற வித்தகர் மாசுமறுவற்ற தெளிந்த கண்ணாடியை உருவாக்கினார். 1507 ஆம் ஆண்டில் டெல் காலோ சகோதரர்கள் அத்தகைய கண்ணாடியில் முகம் பார்க்கும் பலகைகள் செய்யும் தனியுரிமை கோரி ஆட்சிமன்றத்துக்கு விண்ணப்பம் செய்தார்கள். அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் ஐரோப்பாவின் அரண்மனைகள் தங்கள் முகத்தைப் பார்க்க வெனிஸ் நகரத்தையே எதிர்பார்த்து நின்றன.

அந்த வேலை நடந்த விதத்தை அருகே சென்று பார்த்தால்தான் பின்னால் வந்த துன்பத்தின் காரணம் விளங்கும். மட்டம் பிசகாத ஒரு கல்மேசை. அதன் விளிம்பைச் சுற்றி ஓடும் ஒரு வாய்க்கால். மேசையின்மேல், காகிதம்போல் மெல்லியதாய் அடித்த வெள்ளீயத் தகட்டைச் சுருக்கமின்றி விரிப்பார்கள். அதன்மீது கொஞ்சம் பாதரசத்தை விட்டு, முயலின் பாதத்தாலோ துணியாலோ தகடெங்கும் பரவும்படி மெல்லத் தேய்த்தபின், தகடு முழுவதும் மூழ்கும் அளவுக்கு மேலும் பாதரசத்தை ஊற்றுவார்கள். பிறகு, துடைத்துத் தூய்மை செய்த கண்ணாடிப் பலகையை ஒரு விளிம்பில் வைத்து, காற்றும் தூசியும் இடையில் புகாதபடி, மிகுந்த பாதரசத்தைத் தள்ளிக்கொண்டே மறுவிளிம்புவரை நகர்த்துவார்கள். மேலே பாரங்களை ஏற்றி, மேசையைச் சற்றே சாய்த்துவிட்டால், எஞ்சிய பாதரசம் வாய்க்காலில் வடியும். அதன் பின்னரும் ரசம் முற்றிலும் இறுகுவதற்குப் பலகையை வாரக்கணக்கில் சாய்த்து நிறுத்திவைக்க வேண்டும். பாதரசமோ சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகும் சுபாவமுடையது. அந்த ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை. ஆதலால், மேசையிலிருந்தும் தரையின் இடுக்குகளிலிருந்தும் வடிகாலிலிருந்தும் இரவும் பகலும் எழுந்த நஞ்சு, அதைச் சுவாசித்தவர்களுக்கே தெரியாமல் அவர்களுடைய தேகத்துக்குள் புகுந்துகொண்டிருந்தது.

தெரியாமல் என்றேன், வெகுகாலம் அப்படி இருக்கவில்லை. தொழிலாளரின் நோய்களை ஆராய்வதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டிருந்த இத்தாலிய வைத்தியர் பெர்னார்தினோ ராமத்சீனி, 1700 ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் பெருநூலில், முரானோவின் கண்ணாடித் தொழிலாளர் பாதரசத்தைக் கையாளுவதால் நடுக்குவாதத்துக்கும் மூச்சிரைப்புக்கும் ஆளாவதைத் தெளிவாக எடுத்துரைத்தார். தாம் செய்த கண்ணாடியிலேயே தம் நோயுற்ற உருவத்தைக் கண்டு, அவர்கள் தம் தொழிலையே வெறுத்தார்கள் என்றும் அவர் குறித்திருக்கிறார். ஆகவே 18 ஆம் நூற்றாண்டு பிறக்கும்போதே, கற்றறிந்த உலகத்துக்கு உண்மை தெரிந்துவிட்டது என்பதை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

இதற்கிடையில் பிரான்சு தேசத்தில் கண்ணாடி மோகம் உச்சத்தை எட்டியிருந்தது. பியெஸ்க் சீமாட்டி, கோதுமையைத் தவிர வேறொன்றும் விளையாத ஒரு நிலத்தை விற்றுவிட்டு, அதற்கு ஈடாக ஓர் அழகிய கண்ணாடியை வாங்கிவிட்டதாகப் பெருமையோடு சொல்லிக்கொண்டதை, சேன் சிமோன் பிரபு தம் நினைவுக்குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார். தேசத்தின் பொன் இவ்வாறு வெனிஸுக்குப் போவதைப் பொறுக்காத மந்திரி கோல்பேர், முரானோவின் கைவினைஞர் சிலரை ரகசியமாக வரவழைத்து, 1665 ஆம் ஆண்டில் பாரிஸில் ஓர் அரச கண்ணாடித் தொழிற்சாலையை ஏற்படுத்தினார். 1684 ஆம் ஆண்டில் பூர்த்தியான வெர்சாய் அரண்மனைக் கண்ணாடி மண்டபத்தின் 357 கண்ணாடிகளும் அந்தத் தொழிற்சாலையின் வெற்றிக்குச் சாட்சியாயின. உருகிய கண்ணாடியை உலோக மேசைமேல் ஊற்றி, உருளையால் சமன்செய்து, பின் தேய்த்து மெருகேற்றும் புதிய முறை அதே நூற்றாண்டின் இறுதியில் கைவந்தது. அதற்கெனப் பிக்கார்டிப் பகுதியின் சேன் கோபேன் கிராமத்தில் பெரிய உலைகள் எழுந்தன. கண்ணாடி பெரிதாயிற்று, விலையும் படிப்படியாகக் குறைந்தது. ஆனால் அதன் பின்புறத்தில் பாதரசம் பூசும் வேலை மட்டும் எள்ளளவும் மாறாமல் அப்படியே தொடர்ந்தது.

மாற்றுவழி தோன்றியது 1835 ஆம் ஆண்டில். ஜெர்மானிய ரசாயன மேதை யூஸ்டஸ் ஃபான் லீபிக், அமோனியா கலந்த வெள்ளி நைட்ரேட் கரைசலோடு ஆல்டிஹைடு என்னும் பொருளைச் சேர்த்துச் சூடாக்கியபோது, தூய வெள்ளி கண்ணாடிக் கலத்தின் உட்புறத்தில் ஒளிவீசும் படலமாகப் படிவதைக் கண்டார். 1856 வாக்கில், தொலைநோக்கிகளின் தேவையை முன்னிட்டு, அம்முறையைத் தொழிலுக்கு ஏற்றவாறு அவரே செம்மைப்படுத்தினார். பாதரசம் இல்லாமலே கண்ணாடி செய்யலாம் என்பது அன்றே நிரூபணமாகிவிட்டது. எனினும் வர்த்தக உலகம் அதை வரவேற்கவில்லை. பழைய முறைக்குப் பட்டறைகளும் கைதேர்ந்த தொழிலாளரும் தயாராக இருந்தார்கள். வாங்குவோரின் கண்களும் பாதரசக் கண்ணாடியின் சாயலுக்கே பழகியிருந்தன. பழைய முறையின் உண்மையான செலவில் பெரும்பகுதி, முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் ஏறாமல், தொழிலாளியின் தேகத்தில் ஏறிக்கொண்டிருந்ததால், அது மலிவானதாகவே தோன்றிக்கொண்டிருந்தது.

அந்தச் செலவு எத்தகையது என்பதை 1861 ஆம் ஆண்டில் உலகுக்குக் காட்டியவர் எர்லாங்கன் சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்த அடோல்ஃப் குஸ்மவுல். பவேரியாவின் ஃபியூர்த் நகரம் அப்போது கண்ணாடித் தொழிலுக்குப் பெயர்போனது; ரசம் பூசும் பட்டறைகளில் பெண்களும் வேலை செய்தார்கள். அவர்களை நேரில் பரிசோதித்து அவர் எழுதிய ஆராய்ச்சியில், ஈறுகள் வீங்கிப் பற்கள் ஆட்டங்காண்பதும், வாயில் உமிழ்நீர் ஓயாமல் சுரப்பதும், விரல்களில் தொடங்கும் நடுக்கம் கைகால்களெங்கும் பரவுவதும் விவரமாகப் பதிவாகியிருக்கின்றன. எல்லாவற்றினும் உருக்கமானது மனத்தின் மாறுதல். முன்பின் அறியாத ஒருவர் தம்மைக் கவனிக்கிறார் என்ற எண்ணமே போதும், நன்றாக வேலை செய்துகொண்டிருந்தவர்கூடப் பதறிப்போவார். முகம் சிவக்கும், நாக்குழறும், கை வேலையை மறந்துவிடும்.

மாற்றுவழி கையில் இருந்தது; கேட்டின் அளவும் கண்முன்னே தெரிந்தது. அப்படியிருந்தும் பழைய முறை இன்னும் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நீடித்தது. கடைசியில் அதை வீழ்த்தியது சட்டமே. 1889 ஆம் ஆண்டில் பவேரிய, பிரஷ்ய அரசாங்கங்கள் கண்ணாடிக்கு ரசம் பூசும் பட்டறைகளுக்குக் கடுமையான விதிகளை வகுத்தன: வேலைநேரத்துக்கு வரம்பு, காற்றோட்டத்துக்கு ஏற்பாடு, தொழிலாளருக்குத் தவறாத வைத்தியப் பரிசோதனை. இந்த விதிகளைப் பின்பற்றிப் பாதரசத்தைக் கையாளுவதைக் காட்டிலும் லீபிக்கின் வெள்ளி முறைக்கு மாறுவதே லாபம் என்று கண்ட முதலாளிகள் விரைவிலேயே மாறிக்கொண்டார்கள். இன்று நம் வீடுகளில் இருப்பவை பாதரசம் பூசாத கண்ணாடிகளே.

இச்சரித்திரத்திலிருந்து நான் கொள்ளும் முடிவு இதுதான்: விஞ்ஞானம் வழியைக் காட்டும்; அந்த வழியில் தொழிலைச் செலுத்துவது சட்டத்தின் கடமை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலம் எவ்வளவு நீளுகிறதோ, அவ்வளவுக்கு எளியோரின் உயிர் வீணாகிறது. கட்டுப்பாடுகள் தொழிலைக் கெடுக்கும் என்று வாதிப்போருக்குக் கண்ணாடித் தொழிலே தக்க விடை. பாதரசத்தைக் கைவிட்ட அத்தொழில் நசித்துவிடவில்லை. முன்னெப்போதும் காணாத அளவுக்கு விரிந்தது. உருகிய வெள்ளீயத்தின்மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டு, தேய்ப்பும் மெருகும் தேவைப்படாத சமதளக் கண்ணாடியை வார்க்கும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959 இல் உலகுக்கு அறிவித்தது. அன்று கோல்பேர் தொடங்கிய தொழிற்சாலையின் வழிவந்த சேன் கோபேன் நிறுவனமே, அந்த மிதவை முறையில் இயங்கும் ஆலையை 2000 ஆம் ஆண்டில் நமது ஸ்ரீபெரும்புதூரில் நிறுவியது.

பாதரசத்தின் கதை பவேரியாவோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத வேண்டிய அவசியம் நேர்ந்திராது. அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரில் மூடப்பட்ட ஒரு வெப்பமானித் தொழிற்சாலை 1980களில் நம் கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தது. 2001 ஆம் ஆண்டில், பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி அங்குள்ள ஒரு பழைய இரும்புக் கடையில் டன் கணக்கில் குவிந்துகிடப்பது வெளிப்பட்டபின், ஹிந்துஸ்தான் லீவர் நடத்திவந்த அந்த ஆலை மூடப்பட்டது. வேலை தங்கள் ஆரோக்கியத்தைக் கெடுத்தது என்று தொழிலாளர் முறையிட்டார்கள்; நிறுவனம் அதை மறுத்தது. 591 முன்னாள் தொழிலாளருடன் உடன்பாடு ஏற்பட்டதோ 2016 ஆம் ஆண்டில்தான். பாதரசத்தின் கொடுமையை ராமத்சீனி எழுதி முந்நூறு ஆண்டுகள் கடந்தபின்னும், அதைக் கையாண்ட நம் மக்கள் ஒரு முடிவுக்காகப் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்ததை நினைக்கும்போது நெஞ்சு பதைக்கிறது.

இன்றும் நம் வீட்டு விட்டத்தில் பாதரசம் இருக்கிறது. எரிந்து ஓய்ந்த ஒவ்வொரு டியூப் லைட்டினுள்ளும், சுருள்வடிவக் குழல்விளக்கினுள்ளும் அது சிறிதளவு உண்டு. பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2017 இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கையில் நம் நாடும் பங்குகொண்டிருக்கிறது. அதன்படி, இத்தகைய விளக்குகளின் உற்பத்தியை 2027 ஆம் ஆண்டு முடிவதற்குள் நிறுத்திவிட 2023 ஆம் ஆண்டு மாநாட்டில் நாடுகள் இசைந்திருக்கின்றன. எல்.இ.டி. விளக்கு என்ற மாற்றுவழியும் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது. மின்னணுக் கழிவு விதிகள் பாதரச விளக்குகளைத் தங்கள் வரம்புக்குள் சேர்த்து, அவற்றை மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் சுமத்தியும் இருக்கின்றன. ஆயினும் நம் தெருக்களில் நடப்பதென்ன? பழுதான டியூப் லைட் குப்பைத் தொட்டியின் ஓரத்தில் சாத்தப்படுகிறது. அதை உடைத்து, வண்டியில் அடைத்து, வெறும் கையால் பிரித்தெடுப்பவர் தூய்மைப் பணியாளர். ஏட்டில் உள்ள சட்டம் தெருவுக்கு வந்து சேராதவரையில், ஃபியூர்த் நகரத்துப் பட்டறைப் பெண்கள் அனுபவித்த அபாயத்தில் ஒரு பங்கை நம் ஊர்த் தூய்மைப் பணியாளர் தலையில் நாம் ஏற்றிக்கொண்டேதான் இருப்போம்.

ஆகவே நான் கோருவது பெரிய காரியமன்று. ஒவ்வொரு நகராட்சியும் ஊராட்சியும், பழைய குழல்விளக்குகளை உடையாமல் பெற்றுக்கொள்ளும் தனி இடமொன்றை ஒவ்வொரு வட்டாரத்திலும் ஏற்படுத்த வேண்டும். விளக்கு விற்கும் கடைக்காரர் பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்வதைக் கட்டாயமாக்க வேண்டும். அதற்கான செலவை உற்பத்தியாளரிடமிருந்து பெற வேண்டும். தூய்மைப் பணியாளருக்குக் கையுறையும் ஆண்டுதோறும் வைத்தியப் பரிசோதனையும் தவறாமல் கிடைக்க வேண்டும். 1889 இல் பவேரிய அரசாங்கம் தன் தொழிலாளருக்குச் செய்ததை இன்று நம் அரசாங்கம் செய்ய முடியாதென்று சொல்வதற்கு யாதொரு நியாயமும் இல்லை.