விடை ரெடி... மூளை ரெடியா?

'எங்க பையனுக்கு எல்லாமே சாட்ஜிபிடிதான் சொல்லித் தருது!' - மயிலாப்பூர் மாட வீதியிலும் தி.நகர் டியூஷன் சென்டர் வாசலிலும் பெற்றோர் பலர் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். சொல்லித் தருகிறதா, செய்து தருகிறதா? அங்கேதான் விஷயமே இருக்கிறது.

துருக்கியில் சுமார் ஆயிரம் பள்ளி மாணவர்களிடம் கணக்குப் பாடத்தில் ஒரு சோதனை நடத்தி, 2025-ல் முடிவை வெளியிட்டார்கள். கேட்டதும் விடை சொல்லும் ஏ.ஐ. கருவியோடு பயிற்சி செய்தவர்கள், மற்றவர்களைவிட 48 சதவிகிதம் கூடுதலாகச் சாதித்தார்கள். 'அட, பரவாயில்லையே' என்கிறீர்களா? கருவியை வாங்கி வைத்துக்கொண்டு பரீட்சை வைத்தபோது, அதைத் தொடாத மாணவர்களைவிட 17 சதவிகிதம் பின்தங்கிப் போனார்கள்! விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தந்த கருவியைப் பயன்படுத்தியவர்களுக்கோ பெரிதாக இந்தப் பாதிப்பு இல்லை.

'சின்னப் பசங்க, அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். போலந்தில் அனுபவமுள்ள டாக்டர்களுக்கே இந்தக் கதிதான். பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனையில், முன்பு நூற்றுக்கு 28 பேரிடம் ஆரம்பக் கட்டிகளைக் கண்டுபிடித்தார்கள். ஏ.ஐ. உதவி பழகிய பிறகு, அது இல்லாமல் பார்த்தபோது 22 பேரிடம்தான் கண்டுபிடித்தார்கள். 2025-ல் வெளியான இந்த ஆய்வை மட்டும் வைத்து 'ஏ.ஐ.தான் காரணம்' என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், உஷாராக இருக்க இது போதும்.

மாவுக்கட்டைப் பிரித்ததும் கை இளைத்துப்போய் இருக்குமே, பார்த்திருக்கிறீர்களா? வேலை கொடுக்காத தசை மெலிகிறது. திறமையும் ஏறக்குறைய அப்படித்தான். தடுமாறி, தப்புப் போட்டு, அழித்து எழுதும் அந்த நேரத்தில்தான் பாடம் மனசில் பதிகிறது. அந்தச் சிரமத்தையே மெஷினிடம் கொடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

அதற்காக ஏ.ஐ.யை விரட்டச் சொல்லவில்லை. டியூஷனுக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுக்கு அது வரப்பிரசாதம். நம் அடையாறு பக்கத்து ஐ.ஐ.டி.யிலேயே, ஏ.ஐ. மூலம் கற்பதை மேம்படுத்துவது எப்படி என்று ஆராய ஓப்பன்ஏஐ நிறுவனம் 2025-ல் 5 லட்சம் டாலர் அறிவித்தது.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் பென்சில், அப்புறம் போன். பதினைந்து நிமிஷமாவது குழந்தை தானே முட்டி மோதட்டும். பிறகும் 'விடை சொல்லு' என்று கேட்காமல், 'அடுத்த படிக்கு ஒரு குறிப்பு கொடு' என்று கேட்கப் பழக்குங்கள். கடைசியில் போனை மூடி வைத்துவிட்டு, 'இப்ப எனக்குச் சொல்லிக் கொடு, பார்க்கலாம்' என்று எதிரே உட்காருங்கள். கடகடவென்று சொன்னால், கற்றுக்கொண்டது உங்கள் பிள்ளை. திருதிருவென்று விழித்தால், ஹோம்வொர்க் செய்தது வேறு யாரோ!