தெரியும் என்று போட்ட மதிப்பெண்

ஃபேர்லேண்ட்ஸில் ஞாயிறுதோறும் கூடும் நம் படிப்பு வட்டத்துக்கு ஒரு தொண்டு நிறுவனத்திடமிருந்து படிவம் வந்திருக்கிறது. 'தகவல் தேடத் தெரியுமா? கிடைத்ததைச் சரிபார்க்கத் தெரியுமா?' அஞ்சுக்கு எத்தனை என்று நாமே போட்டுக்கொள்ளணுமாம். தோழர்கள் பலர் நாலு, அஞ்சு என்று போட்டிருக்கிறார்கள். மகளிர் குழுக் கணக்கை ஒரு பைசா பிசகாமல் எழுதும் அக்கா தனக்கு ரெண்டுதான் போட்டிருக்கிறார்.

இந்த மதிப்பெண்ணை நாம் நம்பவில்லை. யார் யாரோ அளந்து அளந்து நம்மைத் தகுதியற்றவர்கள் என்று சொன்ன நாடு இது. அளவுகோலை நாமே எடுப்போம். ஆனால் வேலையைக் கொடுத்து அளப்போம்.

2012ஆம் ஆண்டின் அரசாணை 92. சுயநிதிக் கல்லூரியில் சேரும், வருமான வரம்புக்குள் வரும் தலித் மாணவரின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது. மேடையில் எல்லோரும் முழங்குகிறோம். நகலை முழுசாகப் படித்தவர் எத்தனை பேர்? வருமான வரம்பு அப்போது என்ன, இப்போது என்ன? பின்னால் வந்த திருத்தங்கள் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவர்களை என்ன செய்தன? 'முதல்ல பணத்தைக் கட்டு, அப்புறம் பாக்கலாம்' என்று கல்லூரி ஆபீசில் சொன்னால் எந்தப் பத்தியைக் காட்டுவது? உதவித்தொகை ஏறலைன்னு எங்கள் வங்கிக் கவுண்டருக்கு வரும் பையனுக்கு எந்த அலுவலகத்தைக் கேட்கணும் என்பதே தெரிவதில்லை. அவனும் பட்டதாரி ஆகப்போகிறவன்தான்.

தகவல் உரிமை மனுவும் அப்படியே. 10 ரூபாய், 30 நாள் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். 'தகவல் இல்லை' என்று பதில் வந்ததும் மடித்து வைத்துவிடுகிறோம். அதற்குப் பிறகு மேல்முறையீட்டுக்கும் 30 நாள்தான் என்பது யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

தகவலைச் சந்தேகிப்பது நமக்கு உயிர்ப் பிரச்சினை. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு மலைக்கோயிலுக்குப் போன ஓமலூர் கோகுல்ராஜ் மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். தற்கொலைக் கடிதம் இருந்தது, பேசிய வீடியோவும் இருந்தது. அவற்றை உண்மை என்று எடுத்துக்கொண்டிருந்தால் வழக்கு அன்றைக்கே முடிந்திருக்கும். அம்மாவும் தோழர்களும் நம்ப மறுத்தார்கள். கோயில் கேமராப் பதிவு சாட்சியானது. தலைமறைவாக இருந்த யுவராஜின் வாட்ஸ்அப் பேச்சு ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்த நேரம் அது. 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. போனில் வரும் பேச்சை யார், எப்போது, யாருக்காகப் பேசினார் என்று கேட்கத் தெரியாதவருக்கு அஞ்சு மதிப்பெண் எதற்கு?

வரும் ஞாயிறு காலை மூன்று தாள் மேசையில் இருக்கும்: அரசாணை ஒன்று, தகவல் மறுத்த கடிதம் ஒன்று, எழுதி எடுத்த வாட்ஸ்அப் பேச்சு ஒன்று. தலா அரைமணி. போனைப் பார்க்கலாம், பக்கத்தில் இருப்பவரையும் கேட்கலாம். யார் எங்கே நின்றுபோனார் என்பதை அந்த அக்கா நோட்டில் குறித்துக்கொள்வார். படிவத்தை அதன்பிறகு நிரப்புவோம்.