வண்டி திருட்டு: உரிமையாளர் மட்டுமா பொறுப்பு?

ரயில் நிலையம், பேருந்து நிலையம், மருத்துவமனை, திரையரங்கம் என எங்கே காசு கொடுத்து இருசக்கர வாகனத்தை நிறுத்தினாலும் கையில் ஒரு டோக்கன் கிடைக்கும். வண்டி தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல என்று அதன் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். வண்டி காணாமல் போனால் ஸ்டாண்டுக்காரர் அந்த வரியைத்தான் காட்டுவார். பறிகொடுத்தவரும் அதுதான் சட்டம் போலிருக்கிறது என்று நினைத்துத் திரும்பிவிடுகிறார். அப்படி நினைக்க வேண்டியதில்லை.

1998 ஆகஸ்டில் ஒரு நாள் இரவு டெல்லி தாஜ் மகால் ஓட்டலுக்கு வந்த ஒருவர், தன் மாருதி ஜென் காரின் சாவியை ஓட்டல் ஊழியரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கார் இல்லை. கார் நிறுத்துவது உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில் என்று சீட்டிலேயே அச்சிட்டிருக்கிறதே என்று ஓட்டல் வாதாடியது. உச்ச நீதிமன்றம் வரை போன இந்த வழக்கில் 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது. வண்டியைப் பத்திரமாகத் திருப்பித் தரும் கடமையை ஏற்ற ஓட்டல், தன் கவனக்குறைவுக்கோ தன் ஊழியரின் கவனக்குறைவுக்கோ அச்சடித்த ஒரு வரியைக் காட்டித் தப்ப முடியாது என்றது நீதிமன்றம். உரிய கவனம் எடுத்துக்கொண்டோம் என்று நிரூபிக்க வேண்டியதும் ஓட்டல்தான்.

அந்த வழக்கில் சாவி ஊழியர் கையில் இருந்தது, இங்கே சாவி வண்டிக்காரர் பையில் இருக்கிறது என்று ஸ்டாண்டு ஒப்பந்தக்காரர்கள் சொல்லக்கூடும். வேறுபாடு உண்மைதான். ஆனால் டோக்கன் காட்டாமல் யாரும் வண்டியை வெளியே எடுக்க முடியாது என்பதுதானே அவர்கள் விற்கும் சேவை? வெறும் மண் தரைக்காக யாரும் பணம் கட்டுவதில்லை, காவலுக்காகத்தான் கட்டுகிறார்கள். டோக்கன் கேட்காமல் வண்டியை வெளியே விட்டார்கள் என்றால் அது சேவைக் குறைபாடு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். செலுத்திய கட்டணம் 5 லட்சம் ரூபாயைத் தாண்டாத வழக்குகளுக்கு மனுக் கட்டணமே கிடையாது. பத்து, இருபது ரூபாய் ஸ்டாண்டு கட்டணத்துக்கு அந்த வரம்பு எம்மாத்திரம்!

ஒவ்வொருவரும் வழக்குப் போட்டுத்தான் இது மாற வேண்டும் என்றில்லை. பெரும்பாலான ஸ்டாண்டுகளை டெண்டர் விடுவது ரயில்வேயும் உள்ளாட்சி அமைப்புகளும்தான். டோக்கனில் பதிவெண் எழுதுவது, வெளியேறும் வழியில் டோக்கனைச் சரிபார்ப்பது, வேலை செய்யும் கண்காணிப்பு கேமரா, திருட்டுக்கு ஒப்பந்தக்காரர் எடுக்கும் காப்பீடு ஆகியவற்றை டெண்டர் நிபந்தனையிலேயே சேர்க்கலாம். அதிகத் தொகை கேட்டவருக்கே ஒப்பந்தம் என்று மட்டும் பார்த்தால், அவர் முதலில் குறைப்பது காவலாளிகளின் எண்ணிக்கையைத்தான்.

வண்டிக்காரர் செய்யவேண்டியவையும் உண்டு. சைடு லாக் போட்டாயிற்று என்று நிம்மதியாகப் போவது போதாது. ஹேண்டிலை வேகமாகத் திருகினால் சைடு லாக் உடைந்துவிடும் என்பது திருடர்களுக்கு அத்துப்படி. எந்தப் பூட்டும் வாங்கித் தருவது நேரத்தைத்தான். சில நொடிகளில் முடியும் வேலை சில நிமிடங்களுக்கு இழுத்தால், சத்தமும் போட்டால், திருடன் அடுத்த வண்டியைப் பார்ப்பான். முன்சக்கரத்தில் டிஸ்க் லாக் நல்லதுதான், ஆனால் அதைக் கழற்ற மறந்து வண்டியை எடுத்துக் கீழே விழுபவர்கள் உண்டு. பூட்டிலிருந்து ஹேண்டிலுக்கு ஒரு வண்ணக் கயிறு கட்டிவிட்டால் மறக்காது. சுமார் 110 கிலோ எடையுள்ள வண்டியை இரண்டு பேர் தூக்கி மினி வேனில் ஏற்றிவிடலாம் என்பதால், இரவில் வீட்டு வாசலில் நிறுத்துபவர்கள் சங்கிலியைச் சக்கரத்தோடு மட்டும் சுற்றாமல் கம்பத்தோடோ இரும்புக் கேட்டோடோ சேர்த்துப் பூட்டுவது நல்லது. அசல் ஆர்.சி.யை சீட்டுக்கு அடியில் வைக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். டிஜிலாக்கரில் காட்டினாலே போலீசார் ஏற்க வேண்டும் என்று 2018 முதலே விதி இருக்கிறது. வண்டியோடு ஆர்.சி.யும் கிடைத்தால் அதை விற்பது திருடனுக்கு எளிதாகிவிடும்.

இவ்வளவும் சரி. ஆனால் பூட்டு வாங்கும் செலவும் கவலையும் வண்டி வாங்கியவர் தலையில் மட்டும் விழுவது நியாயமா?

சாவியில் உள்ள சிப்பை அடையாளம் கண்டால்தான் இன்ஜின் கிளம்பும் என்பது இம்மொபிலைசர் ஏற்பாடு. ஒயரைப் பிடுங்கி இணைத்தாலும் வண்டி நகராது. ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் புதிய கார்களுக்கு இது 1998லேயே கட்டாயமானது. இந்தியாவில் 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு, பெரும்பாலான பைக்குகள் கார்புரேட்டரை விட்டு மின்னணு எரிபொருள் செலுத்தும் முறைக்கு மாறின. கட்டுப்படுத்தும் கணினி வண்டியிலேயே இருக்கிறது. 2023இல் ஹோண்டா ஆக்டிவாவின் ஒரு ரகத்தில் ஸ்மார்ட் கீயுடன் இம்மொபிலைசரும் வந்துவிட்டது. ஏ.பி.எஸ்., சி.பி.எஸ். பிரேக்குகளை 2019இல் எல்லாப் புதிய இருசக்கர வாகனங்களுக்கும் கட்டாயமாக்கிய மத்திய அரசு, இதையும் கட்டாயமாக்கலாம்.

விலை கூடிய ரகங்களுக்கு மட்டும் என்று விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய பாடம் ஒன்று உண்டு. மேற்கு ஜெர்மனி 1960களின் தொடக்கத்தில் பழைய கார், புதிய கார் என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஸ்டியரிங் பூட்டைக் கட்டாயமாக்கியது, திருட்டு குறைந்தது. பிரிட்டன் 1971இல் புதிய கார்களுக்கு மட்டும் கொண்டுவந்தது, திருடர்கள் பழைய கார்கள் பக்கம் திரும்பினார்கள். இங்கே அந்தச் சுமை விழப்போவது கட்டட வேலைக்கும் காய்கறிச் சந்தைக்கும் போகும் நூறு சிசி வண்டிக்காரர்கள் மேல்.

திருட நினைத்தவன் எப்படியும் திருடுவான் என்று பேசுபவர்களுக்கும் மேற்கு ஜெர்மனியில் பதில் இருக்கிறது. அங்கே 1980இல் ஹெல்மெட் போடாதவர்களுக்கு உடனடி அபராதம் வந்தது. அந்த ஆண்டில் ஒன்றரை லட்சம் அளவில் இருந்த மோட்டார் சைக்கிள் திருட்டு, 1986இல் சுமார் 54,000 ஆக இறங்கியது. ஹெல்மெட் இல்லாமல் திருட்டு வண்டியில் போனால் வழியிலேயே மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த அளவுக்குக் கார் திருட்டு கூடிவிடவும் இல்லை.

வண்டி போன பிறகுதான் பலருக்குக் காப்பீட்டின் ஓட்டை தெரிகிறது. 2018 செப்டம்பரிலிருந்து புதிய இருசக்கர வாகனம் வாங்கும்போதே ஐந்து ஆண்டுக்கான மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ஐந்து வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். மூன்றாம் நபர் காப்பீட்டில் திருட்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. அதைத் தருவது சொந்தச் சேதக் காப்பீடு. அது பெரும்பாலும் ஓர் ஆண்டோடு முடிந்துவிடும். விற்பனை நிலையங்களும் காப்பீட்டு நிறுவனங்களும் இதைப் பெரிய எழுத்தில், தமிழில் சொல்ல வேண்டும்.

காப்பீடு இருந்தாலும் எஃப்.ஐ.ஆர். வேண்டும். காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கொடுத்து, தேடிப் பார்ப்போம் என்று அனுப்பிவிட்டால் நாட்கள் ஓடிவிடும். கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் சொல்லிவிட்டது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி மின்னணு வழியிலும் புகார் அனுப்பலாம், மூன்று நாளில் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். எஃப்.ஐ.ஆர். உடனே பதிவாகியிருந்தால், நிறுவனத்துக்குத் தாமதமாகத் தெரிவித்தார் என்ற ஒரே காரணத்துக்காக இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்பது 2020 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

மீட்கப்பட்ட வண்டிகள் காவல் நிலைய வளாகங்களில் வெயிலிலும் மழையிலும் துருப்பிடித்துக் கிடக்கின்றன. நீண்ட காலம் இப்படி வைத்திருக்கக் கூடாது என்று 2002லேயே உச்ச நீதிமன்றம் கூறியது. புதிய சட்டமோ கெடு வைத்திருக்கிறது: நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட பொருளுக்கு 14 நாளில் விவரப் பட்டியல், படம் எடுத்துப் பதிவு, பிறகு 30 நாளுக்குள் ஒப்படைக்கும் உத்தரவு. உணவு டெலிவரி செய்யும் இளைஞருக்கு வண்டி இல்லாத ஒவ்வொரு நாளும் கூலி இல்லாத நாள். இந்தக் கெடு ஒவ்வொரு காவல் நிலையத்திலும் காக்கப்படுகிறதா என்பதை மாவட்டக் கண்காணிப்பாளர்கள் மாதந்தோறும் கேட்க வேண்டும்.